தேவைக்கு மேல் ஒன்று

பகாவ் பேருந்து நிலையத்துக் கெத்தாப்பாங் மரத்தடியில்
பழுத்து விழுந்த இலையாய்ப் பார்த்துப் பொறுக்கினேன்.
கூட்டுகிறவர் துடைப்பத்தை நிறுத்திக் கேட்டார்:
"என்னம்மா, மருந்துக்கா?"
மீனுக்கு என்றேன்.
இன்னும் நான்கு இலை எடுத்துத் தந்தார்,
சட்டையில் துடைத்து.

பதினெட்டு நியோன் டெட்ரா, ஐந்து கோரி,
கண்ணாடியை நக்கிக்கொண்டே இருக்கும் ஒரு சக்கர்.
இரண்டு வருஷம் ஒரு சண்டை இல்லை.
உண்மையைச் சொன்னால்
அந்த அமைதி எனக்குக் கொஞ்சம் அலுத்திருந்தது.

ஆ கியோங் கடையில் அப்பிஸ்டோ ஜோடி நாற்பத்தைந்து வெள்ளி.
ஆண்: வால் நுனியில் தீக்குச்சி கிழித்த ஆரஞ்சு.
பெண்: அதில் பாதி, சாம்பல், சொல்ல ஒன்றுமில்லை.
"சின்னதுதான். ஆனா சிக்லிட், தெரியும்தானே?
ஒளிய இடம் வை. தேவைக்கு மேல ஒண்ணு வை."
தேங்காய் ஓட்டை அரத்தால் ராவி
விரல் நுழையும் வாசல் வைத்தேன்.
ஒன்று போதும் என்று நினைத்தேன்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் நெடி.
செம்பனை ஆலைப் புகை படிந்த கூரை என்பதால்
முதல் மழையை ஓடவிட்டு இரண்டாம் மழையைப் பிடித்தேன்.
இலை ஊறி, மூன்றாம் நாள் பால் விடாத தேநீர் நிறம்.
பையை மிதக்கவிட்டு, குவளை குவளையாய்த் தண்ணீர் சேர்த்து,
விளக்கை அணைத்த பிறகே திறந்தேன்.

அதே வாரம்தான் தம்பி கஜேந்திரன்
கட்டியவளோடு தாப்பாவிலிருந்து வந்து இறங்கினான்.
தர்ஷினா. இரண்டு பெட்டி, ஒரு ரைஸ் குக்கர்.
எங்களிடம் ரைஸ் குக்கர் இருந்தது.

பதினோராம் நாள் பெண் மீன் மஞ்சளானது.
எலுமிச்சை மஞ்சள், கண்ணை வெட்டிப் போகும் கறுப்புக் கோடு.
ஓட்டின் உட்கூரையில் முட்டைகள்,
கடுகு மாதிரி, செம்பு நிறத்தில்.
டெட்ராக்கள் எல்லாம் வலது மூலைக்குப் போயின.
ஆணுக்கும் அதே மூலைதான்.
ஒன்றரை அங்குல உடம்பு
மூன்றடித் தொட்டியில் இரண்டடியை எடுத்துக்கொண்டது.

வீட்டில் மிளகாய்த்தூள் டப்பா இடம் மாறியிருந்தது.
அப்புறம் கத்தி.
அப்புறம் நான் உட்காரும் நாற்காலி
ஜன்னலை விட்டு நகர்ந்திருந்தது.
நான் எந்த மீன் என்று யோசிக்க விரும்பவில்லை.
எடை மேடையில் எட்டு மணி நேரம்:
குலையோடு ஒரு எடை, காலி லோரிக்கு ஒரு எடை,
கழித்தால் வருவது கணக்கு.
வீட்டுக்கு வந்தும் கழித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலை ஓடு காலி.
பெண் மீன் வாசலில் நின்று துடுப்பை விசிறிக்கொண்டிருந்தது,
விசிற ஒன்றும் இல்லாமல்.
"அந்த ஆண்தான் தின்னிருக்கும்," என்றான் தம்பி,
ரொட்டியை மென்றுகொண்டே.

அடுத்த முட்டை மூன்று வாரம் கழித்து.
இரவு ஒன்றரைக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
தொட்டி முன்னால் தரையில் தர்ஷினா,
டார்ச் விளக்கின் முகத்தில் சிவப்பு பிளாஸ்டிக் பை சுற்றி.
"சிவப்பு வெளிச்சம் மீனுக்குத் தெரியாதாம்க்கா."
பக்கத்தில் உட்கார்ந்தேன். முட்டி சத்தம் போட்டது.

ஆண் மூலையில் தூங்கியது, பாவம்.
மீசையால் மணலைத் தடவித் தடவி
ஒரு கோரி வந்தது.
பெண் பாய்ந்தது. இருட்டில் குறி தவறியது.
அதற்குள் இன்னொன்று பின்பக்கமாய்.

"இவங்களா?"
இவை இரண்டு வருஷமாய் இங்கே இருக்கின்றன என்றேன்.
யாருக்காகப் பேசினேன் என்று தெரியவில்லை.
அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"ராத்திரி நீங்க தீனி போடுறதில்லையேக்கா.
பசிச்சிருக்கும்."

மறுநாள் வேலைவிட்டு வந்தபோது
அடுப்படியில் துருவிய தேங்காய் ஒரு கிண்ணம்.
என் நாற்காலியில் உட்கார்ந்து, என் அரத்தால்
ஓட்டில் வாசல் வைத்துக்கொண்டிருந்தாள்.
கோணல்தான். சொல்லவில்லை.
இரண்டு குக்கரில் எது என்று பார்த்துத் திறந்து,
அரிசி எத்தனை குவளை என்று கேட்டேன்.