வா என்பதில் பாதி

படிவத்தில் பதினேழாவது கேள்வி:
வேலிக்கு அடியில் எவ்வளவு இடைவெளி?
நான்கு விரல் என்று எழுதி அனுப்பினேன்.
சனிக்கிழமை ஒரு பையன் வந்தான்,
குனிந்து பார்த்தான்,
"உங்கள் விரலா ஆன்ட்டி, என் விரலா?"
செங்கல் வாங்கினேன். பதினொன்று.

மகள் ஜொகனஸ்பர்க்கிலிருந்து:
கடிக்கிற நாயாப் பாரும்மா, தனியா இருக்கே.
மாமரத்துக் குரங்குகளோடு
வருடம் முழுக்கப் போரிலிருக்கும்
பக்கத்து வீட்டு ஏகாம்பரம்
கவணை இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னார்:
குட்டி நாயா?
திருடன் அதையும் சேர்த்து எடுத்துப்போவான்.

பிளஃப்பில், கடல் கேட்கும் ஆனால் தெரியாத ஒரு தெரு.
ஹெஸ்டரின் சமையலறையில் ஆறு கிண்ணங்கள்,
ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய பிளாஸ்டர்.
நான் கேட்டு வந்தது பழுப்பு டாக்ஸ்ஹுண்ட்.
வியாழனன்றே அவனுக்கு வீடு கிடைத்துவிட்டதாம்.
அவனுக்கு அது தெரியாது;
என் காலணிமேல் தாடையை வைத்து
ஏற்கெனவே தூங்கிவிட்டிருந்தான்.

ஆறாவது கிண்ணத்தில் மட்டும்
ஒரு பெயரை அடித்து இன்னொன்று,
அதையும் அடித்து இன்னொன்று.
ஹெஸ்டர் ஃபிரிட்ஜைக் காட்டினாள்.
அதற்கும் சுவருக்கும் நடுவே
அழுக்கான பஞ்சுபோல் ஏதோ.

பெண். ஏழு வயதிருக்கலாம்.
மால்டீஸும் வேறெதுவோவும்.
நான்கு பல் இல்லை.
மொபேனி தொழிற்சாலைகளின் பின்புறம், மழைநீர்க் குழாயில்,
கழுத்தில் நீல நைலான் கயிறு.
மற்றதெல்லாம் காலிக் கட்டங்கள்.

ஐந்து வாரமாய்
மெத்தையைத் தரையில் இழுத்துப் போட்டு
ஃபிரிட்ஜின் உறுமலுக்குப் பக்கத்திலேயே படுக்கிறாள்.
ஆங்கிலத்தில் கூப்பிட்டாயிற்று, ஆப்பிரிக்கான்ஸில் கூப்பிட்டாயிற்று,
கோழி ஈரலால் கூப்பிட்டாயிற்று.
ஆள் தூங்கிய பிறகுதான் கிண்ணம் காலியாகும்.

நான் ஒன்றும் யோசிக்கவில்லை.
கெட்டில் கொதிக்கத் தாமதித்தால் சொல்வேனே,
தராத பஸ்ஸுக்கு, வராத தூக்கத்துக்கு,
என்னிடம் தேயாமல் மிஞ்சிய சில தமிழ்ச் சொற்களில் ஒன்று,
அப்படித்தான் வாயில் வந்தது:
வா.

ஒரு காது.
பிறகு மூக்கின் நுனி.
பிறகு பாதி உடம்பு வெளியே,
முன்கால் ஒன்று அந்தரத்தில்.
நின்றுவிட்டது.
வாசல்வரை வந்து
மணி அடிக்கலாமா என்று நிற்கும் ஆளைப் போல.

பத்தொன்பது வருடம்
கிளினிக்கின் மருந்து ஜன்னலில் நின்று
வரிசையைக் கூப்பிட்டவள் நான்,
நாளுக்கு இருநூறு தடவை, ஜூலுவில்.
அந்த நாய் எதற்குக் காத்திருக்கிறது என்று
எனக்கு முன்னால் என் நாக்குக்குத் தெரிந்துவிட்டது.
வோஸா, என்றேன். வோஸா, மாமா.

வந்தது.
ஓடி அல்ல.
தரையோடு தரையாய், சிறுநீர் சொட்டச் சொட்ட,
என் பாவாடை விளிம்புக்குள் முகத்தைப் புதைத்தது.

ஹெஸ்டர் சிங்க் பக்கம் திரும்பி
கிண்ணத்து பிளாஸ்டரை நகத்தால் உரித்தாள்.
வெகு நேரம் உரித்தாள்.

அப்படியானால் ஒருவர் இருந்திருக்கிறார்.
நீலக் கயிற்றுக்கு முன்னால்,
அந்தச் சொல்லை நல்லவிதமாய்ச் சொன்ன ஒரு வாய்.
இப்போதும் சாயங்காலங்களில்
ஏதோ ஒரு தகர வாசலில் நின்று
அது கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.
என் பதினொரு செங்கல்
அந்தக் குரலையும் சேர்த்துத்தான் அடைக்கிறதா?
இதைக் கேட்கப் படிவத்தில் இடமில்லை.

மூன்றாம் நாள் மின்வெட்டு.
இருட்டில் அது எங்கே, நான் எங்கே என்று
இரண்டு பேருக்கும் தெரியவில்லை.
முதல் எழுத்தை மட்டும் சொன்னேன்.
நகங்கள் டைல்ஸில் டிக் டிக்கென்று நெருங்கின,
நின்றன, யோசித்தன,
பிறகு என் குதிகாலில் ஒரு ஈர மூக்கு.

திங்கட்கிழமை தடுப்பூசி.
கவுண்டர் பெண் பேனாவைத் தட்டினாள்:
பெயர்?
இன்னும் வரவில்லை, என்றேன்.