ஸ்டாண்டு இல்லாத சைக்கிள்

பதினோரு வருஷம் ஓடிய முட்டியை
வெளிச்சப் பலகையில் மாட்டிக் காட்டி
'ஓட்டம் போதும், இனிமே மிதிங்க' என்றார் டாக்டர்.
யாரை என்று நான் கேட்கவில்லை.

மின்ட் பக்கம் ஒரு பழைய சரக்குக் கடையில்
ஏழாயிரம் சொன்னது
ஐயாயிரத்து இருநூறுக்குப் படிந்தது.
இருபத்தோரு கியர். ஸ்டாண்டு கிடையாது.
'இந்த மாடலுக்கு வராதுக்கா, அதான் ஸ்டைலு.'
ஓடிய காலத்தில்
என்னை எங்கேயும் சாய்த்து வைக்க வேண்டி வந்ததில்லை.

விடிகாலை நாலே முக்கால், கொருக்குப்பேட்டை கேட்.
ஓடும் நாளில்
வேகம் குறையாமல் குனிந்து போய்விடுவேன்.
இன்று பைக்குகளுக்கு நடுவில்
ஒற்றைக் காலில் நின்று
டேங்கர் டேங்கராக எண்ணினேன்.
நாற்பத்தேழு.
நாற்பத்தெட்டாவதில் எனக்குக் கால் மரத்தது.

காசிமேட்டில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார்கள்.
மீன் தண்ணீர் ரோட்டைத் தாண்டி ஓடியது.
ஓடுகிறவளுக்கு அது ஒரு எட்டு.
சைக்கிளுக்கு எட்டு வைக்கத் தெரியாது.
நிதானமாக,
எல்லாருக்கும் பார்க்க நேரம் கொடுத்து
விழுந்தேன்.
ஏலம் ஒரு நொடி நின்றது.
கூடையை இறக்காமலே தனபாக்கியம் கேட்டாள்:
'இன்னாமே, தினம் ஓடினுதான போவ?
இன்னிக்கு இன்னாத்துக்கு இந்தக் கம்பிய
இட்டுனு வந்த?'

கல் கொட்டிய கடற்கரை ரோடு.
லாரி ஷெட்டு நாய் டீசல்
ஐந்து வருஷமாக என்னோடு ஓடுகிறவன்,
அவன் எல்லை வரைக்கும்.
குரைத்துக்கொண்டு கெண்டைக்காலுக்கு வந்தான்.
'டேய், நாந்தாண்டா.'
அவனுக்குத் தெரிந்த கால்கள்
முன்னும் பின்னும் போகிறவை.
வட்டம் சுற்றுகிற கால்களை
எவனோ திருடிக்கொண்டு போகிறான் என்று
நினைத்திருப்பான்.

மிதித்தேன்.
ஓடும் ஷூவின் லேஸ் செயினுக்குள் போனது.
எனக்கென்னவோ
அது வேண்டுமென்றே போனதாகத்தான் பட்டது.
ஒரு சுற்று, இரண்டு சுற்று,
கால் பெடலோடு கட்டுண்டு
வரிசையில் நின்ற கன்டெய்னர் லாரிமேல்
தோளைக் கொடுத்து நின்றேன்.
சாய்ந்துகொண்டது இப்போது நான்.
மேலேயிருந்து கிளீனர் பையன்
பல்குச்சியை எடுத்துவிட்டுச் சொன்னான்:
'ரிவர்ஸ்ல மிதிக்கா, உட்டுரும்.'
விட்டது.
பாதி லேஸை மட்டும் வைத்துக்கொண்டது.
டீசல் வந்து ஷூவை முகர்ந்தான்.
வாலை ஆட்டினான்.
ஷூவுக்கு.

எர்ணாவூர் போய்ச் சேரவில்லை.
கன்டெய்னர் சீல் ஆணி ஒன்று
முன் டயரில் ஏறியிருந்தது.
பஞ்சர் கடை ஒன்பதுக்குத்தான் திறக்குமாம்.
ஆறு பத்து.
ஏழு மணிக்கு நான் லேப் திறக்க வேண்டும்.

தள்ளினேன்.
நாலு அடிக்கு ஒருமுறை
பெடல் கணுக்காலைக் கேட்டது:
'இன்னும் எவ்வளவு தூரம்?'
ஹாண்டிலைப் பிடித்தபடி கொஞ்சம் வேகமாக நடந்தேன்.
அப்புறம் கொஞ்சம் வேகமாக.
ஒரு டீக்கடைக்காரர் கூப்பிட்டுக் கேட்டபோதுதான்
ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது:
'ஏம்மா, அத்த நீ இஸ்துனு ஓடுறியா,
அது உன்ன இஸ்துனு ஓடுதா?'
இந்தப் பக்கம் டீசல், அந்தப் பக்கம் சைக்கிள்,
நடுவில் நான்.
முட்டி ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லும், ராத்திரிக்கு.

மறுபடி கேட்.
மூச்சு வாங்க சைக்கிளை அதன்மேல் சாய்த்தேன்.
'எடும்மா எடும்மா' என்று கத்தல் வருவதற்குள்
கேட் தூக்கிக்கொண்டது.
பிரேக் ஒயர் மாட்டி
என் ஐயாயிரத்து இருநூறு ரூபாய்
ஒரு அடி உயரம் பறந்து
யோசித்து
இறங்கியது.
கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள்.
நானும் அடித்திருப்பேன், உதடு வறண்டிருந்தது.

ஏழு பன்னிரண்டு.
படிக்கட்டில் ஆறு பேர்,
சர்க்கரை பார்க்க, பச்சைத்தண்ணி மட்டும் குடித்து.
சோப்பு மூன்று தடவை போட்டும்
நகத்தடியில் செயின் கறுப்பு.
'கையுறை போடுவீங்கல்ல?' என்றார்
முதலில் வந்த குத்புதீன் பாய்,
முழங்கையைத் திருப்பிக் காட்டாமல்.
'போடுவேன் பாய், நீட்டுங்க.'

வெளியே,
ரிப்போர்ட் வாங்கும் ஜன்னலுக்குக் கீழே
சுவரில் சாய்ந்து நின்றது சைக்கிள்,
முன் டயர் தரையோடு ஒட்டி,
அதுவும்
வெறும் வயிற்றோடு.