மாதிரித் தட்டு

மே கடைசியிலிருந்து ஜூலை பாதிவரை
என் நாக்கு கம்பெனிக்குச் சொந்தம்.
தொட்டிக்கு ஒரு கரண்டி மாங்கூழ்.
நாக்கில் வைத்து, அண்ணத்தில் அழுத்தி,
எஃகுத் தொட்டியில் துப்பிவிட வேண்டும்.
பிறகு பிரிக்ஸ் மானியில் ஒரு சொட்டு.
பெங்களூரா பதினாலரை.
அல்போன்சா பதினேழு.
பேரேட்டில் எழுதி, வாய் கொப்பளித்து,
அடுத்த தொட்டி.
விழுங்க ஆரம்பித்தால்
இருபதாவது கரண்டியில் புளிப்பு செத்துவிடும் என்பார்
கெமிஸ்ட் சலபதி.
ஏழு சீசனாக
நான் எதையும் விழுங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகனோடு
கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்குப் போனேன்.
லீவு நாளிலும் மாம்பழமா என்று கேட்காதீர்கள்,
அவனுக்கு ராட்டினம்.
ராட்டினத்துக்கும் டெல்லி அப்பளக் கடைக்கும் நடுவே
வெள்ளைத் துணி விரித்த ஒரு மேசை.
மேலே ஃப்ளெக்ஸ்:
ருசிய இனிப்புகள்
ருசி பார்க்கக் காசு வேண்டாம்
வீட்டுக்கு வேண்டுமென்றால் டப்பா உண்டு.
அடித்தவன் 'ரஷ்ய'வைத் தவறவிட்டிருக்கிறான்.
மேசைக்குப் பின்னால் கலீனா.
ஓசூரில் பன்னிரண்டு வருஷமாம்.
தமிழில் பேசி, கன்னடத்தில் மூச்சு வாங்கி,
கத்தியை மட்டும் ரஷ்ய மொழியில் அதட்டினாள்.
கணவர் ரங்கப்பா சில்லறை பார்த்துக்கொண்டார்.

தட்டில் நகமளவுத் துண்டுகள்.
அடுக்கடுக்காய், பழுப்பாய், பஞ்சுபோல் ஒன்று.
பெயர் பஸ்தீலா.
ஆப்பிளைச் சுட்டு, மசித்து, அடித்து, உலர்த்தி,
மறுபடி மேலே பூசி, மறுபடி உலர்த்தி.
"நம்ம மாம்பழத் திரை மாதிரிதானே?"
என்று கை நீட்டினார் ஒருவர்.
நீட்டிய கையோடு கேட்டார்:
"முட்டை இருக்கா?"
"இருக்கு. வெள்ளை மட்டும்" என்றாள் கலீனா.
கை திரும்பிப் போனது.
அவருக்குப் பின்னால் நின்ற கைகளும்
ஒவ்வொன்றாய்ப் பையைத் தேடிக்கொண்டன.
"இன்னிக்கு கிருத்திகை" என்றார் ஒரு அம்மா,
யாரும் கேட்காமலே.
ரங்கப்பா தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்.
"கேட்டாங்களே!" என்றாள் அவள்,
கத்தியைத் துணியில் துடைத்தபடி.

நான் ஒரு துண்டு எடுத்தேன்.
நாக்கில் வைத்து, அண்ணத்தில் அழுத்தி,
துப்புவதற்குத் தொட்டியைத் தேடினேன்.
இல்லை.
கன்னத்தில் ஒதுக்கியபடி நின்றேன்,
பள்ளிக்கூடத்தில் மாத்திரை ஒளித்த பிள்ளை மாதிரி.
கலீனா பார்த்தாள்.
ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள்,
"பிடிக்கலையா? பரவாயில்லை" என்று.
அந்தப் பரவாயில்லைக்குத்தான் விழுங்கினேன்.
தொண்டை முதலில் நம்பவில்லை.
பிறகு இனிப்பு இறங்கியது,
அதன் வாலைப் பிடித்துக்கொண்டு புளிப்பு.
சர்க்கரையில் மூழ்கடிக்காமல்
புளிப்பை உயிரோடு விட்டுவைத்திருந்தாள்.
"ஆசிடிட்டி சரியா இருக்கு" என்றேன்.
வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே பாராட்டு
இப்படியா வரவேண்டும்!
அவளோ எழுந்து நின்று
என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

வீட்டுக்கு ஒரு பிரியானிக் வாங்கினேன், நூற்றெண்பது.
தேனும் கிராம்பும் சேர்த்து,
செதுக்கிய பலகையில் அழுத்தி எடுத்த தடித்த ரொட்டி.
இதில் முட்டை உண்டா என்று நான் கேட்கவில்லை.
சணலால் கட்டிக் கொடுத்தாள்.

இரவு பிரித்தபோது நிதிலன் கேட்டான்:
"என்னம்மா எழுதியிருக்கு?"
"அவங்க ஊர் பேராம்."
"ஊரைத் தின்னுடுவாங்களா?"
சொல்லி முடிக்குமுன் முதல் எழுத்தைக் கடித்துவிட்டான்.
வாய் நிறைய வைத்துக்கொண்டு,
"நம்ம ஊர் பேர்ல ஏன் இல்லை?"

பலகையில் எழுத்தைத் திருப்பிச் செதுக்கினால்தான்
ரொட்டியில் நேராய் விழும்.
மறுநாள் ஷிப்டில், தொட்டிக்கும் தொட்டிக்கும் நடுவில்
பேரேட்டின் பின்பக்கம் முயன்றேன்.
ரி வந்தது. கி வந்தது. ண வந்தது.
ஷ்-இல் பேனா
எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் நின்றபோது
சலபதி கூப்பிட்டார்:
"ஒன்பதாம் தொட்டி என்னாச்சு?"
கரண்டியை வாயில் வைத்தேன்.
பதினாலரை, என்றேன்,
மானியைப் பார்க்காமலே.
துப்பவும் மறந்துபோயிருந்தது.