கறுப்பு வயர்

செவ்வாய்ப்பேட்டையில்
கந்தாயி தராசில் ஏற்றியபோது
பன்னிரண்டு கிலோ காட்டியது அந்த பெஞ்சு வைஸ்.
கிலோ நாற்பது. பேரம் பேசவில்லை.
மேலே பச்சைப் பெயின்ட் புதுசாக மினுங்க
தாடை இரண்டும் துருவில் ஒட்டி
ரணஜன்னி கண்டவன் வாயாகப்
பூட்டிக் கிடந்தது.

எதற்கு என்று கேட்டவர்களிடம்
ஜன்னல் கம்பி அறுக்க என்றேன்.
வீட்டில் ஏதாவது ஒன்று
பிடித்தால் விடாமல் இருக்கட்டும் என்று தோன்றியதை
யாரிடம் சொல்ல.

குகையில் மொட்டை மாடி வீடு.
பெயின்ட் வாளியில் இருபது லிட்டர் தண்ணீர்,
சலவை சோடா நான்கு கரண்டி.
சமையல் உப்பு கூடாது, விஷக்காற்று கிளம்பும்.
எவர்சில்வரும் கூடாது.
இந்த ஊர் உருக்காலை ஊருக்கெல்லாம் அனுப்புகிற
அதே பளபளப்பு
மின்சாரம் பாய்ந்தால் தண்ணீரை
மஞ்சள் நஞ்சாக்கிவிடும்.
வெறும் கட்டடக் கம்பி போதும்,
தளம் போட்டு மிஞ்சிய நான்கு துண்டு.
ஆட்டோக்கார இருசப்பனிடம்
பேட்டரி சார்ஜர் இரவல்.

சோடியம், பொட்டாசியம் என்று
ராத்திரி முழுக்க பாட்டில் மாற்றுகிறவள் நான்.
உப்புத்தண்ணீர் ஓர் உடம்பை என்ன செய்யும் என்று தெரியும்.
சிவப்பு எதற்கு, கறுப்பு எதற்கு
என்பதில்தான் பிசகினேன்.

முதல் நாள் கைப்பிடித் தண்டை மட்டும் உருவித்
தொங்கவிட்டு டூட்டிக்குப் போனேன்.
காலையில் வந்து பார்த்தால்
எதிரே நின்ற கட்டடக் கம்பி
குளித்துத் தலைவாரி நிற்கிறது.
கைப்பிடி,
கரையான் தின்ற பென்சில்.
எது தேய வேண்டும் எது தேற வேண்டும் என்று
கரண்டுக்கு ஒன்றும் தெரியாது,
மாட்டிய இடத்தில் வேலை பார்க்கும்.
இருசப்பன் சிரித்தான்.
"சிஸ்டர், ரத்தம் மாத்தி ஏத்திட்டீங்க."

அந்தக் கம்பியைத் துடைத்துத் தனியே வைத்தேன்.

வார லீவன்று
கறுப்பு வயரை வைஸுக்குக் கொடுத்தேன்.
உடம்பெங்கும் குமிழ் பூத்தது.
காதை அருகில் கொண்டுபோனால்
சோறு வடித்த பானையின் முணுமுணுப்பு.
வீட்டுக்காரர் மாதையன் பீடியோடு ஏறி வந்தார்.
குமிழுக்குள் இருப்பது தீப்பிடிக்கிற காற்று,
அங்கேயே நில்லுங்கள் என்றேன்.
பத்தடி தள்ளி நின்றபடி
மீட்டர் ஓடுவதைப் பற்றிப் பேசினார்.

இரண்டரை மணிக்குக் கரண்ட் போனது.
குமிழ்கள் ஒவ்வொன்றாக அடங்கின.
வடக்கே ஏற்காட்டுப் பாதையில்
ஒரே ஒரு லாரி விளக்கு
வளைவுக்கு வளைவு அணைந்து எரிந்தது.
கரண்ட் வந்தது. திரும்பவும் முணுமுணுப்பு.

பச்சை, பாலாடையாகக் கழன்று மிதந்தது.
அதற்கடியில் சாம்பல்.
அதற்கடியில் ஒரு சிவப்பு.
அதற்கும் அடியில், யாரோ உப்புத்தாள் போட்டுத்
தேய்த்துச் சமமாக்கிய பட்டி.
பட்டி உதிர்ந்த இடத்தில்
தாடையிலிருந்து பாதம் வரைக்கும்
மயிரிழையாய் நெளிகிற விரிசல்.

எக்ஸ்ரேயில் பார்த்திருக்கிறேன்.
டாக்டர் வரும்வரை
நாங்கள் முகத்தை மாற்றிக்கொள்வதில்லை.

தேங்காய் நாரால் கறுப்புச் சேற்றைத் தேய்த்துக் கழுவி
எண்ணெய் எடுக்க உள்ளே போய் வருவதற்குள்
காய்ந்த இடமெல்லாம் செம்மஞ்சள் பூத்துவிட்டது.
கஞ்சமலையிலிருந்து இறங்கியது
கண் அசந்தால் கஞ்சமலைக்கே கிளம்புகிறது.

வைஸைச் சாக்கில் சுற்றிக்கொண்டு போய்
விரிசலைக் காட்டினேன்.
கந்தாயி வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினாள்.
"பெயின்ட்டோடதான குடுத்தேன்?
உன்ன யாரு உரிக்கச் சொன்னா?"
அதற்குப் பதில் இல்லை.
டீ வாங்கிக் கொடுத்தாள்.

இப்போது மாடியில் இருக்கிறது,
பச்சை இல்லாமல், எண்ணெய்க் கறுப்பில்.
திருகினால் திறக்கிறது.
கைப்பிடிக்கு அந்த முதல் நாள் கம்பியைச்
செருகியிருக்கிறேன்.
ஒரு சாண்தான் இருக்கும்.
முழுப் பலம் போட்டு இறுக்க முடியாது.