கூடையில் ஏழு துப்பட்டா

பகாவ் கடைத்தெருவில், டயர் கடைக்குப் பின்னால்
எங்கள் சபை.
வாசலில் பிளாஸ்டிக் கூடை, கூடையில் ஏழு துப்பட்டா.
பதினோரு வருஷமாக அது என் ஊழியம்.
தோள் தெரிந்தால் ஒன்று நீட்டுவேன்.
முட்டி தெரிந்தால் மடியில் போட்டுக்கொள்ள ஒன்று.
சிரித்துக்கொண்டுதான் நீட்டுவேன்.

அன்றைக்குப் பெர்சிஸ்
கையில்லாத சட்டையில் வந்தாள்.
கெடொண்டோங் காய்ப் பச்சை.
பாசார் மாலாமில் பதினைந்து வெள்ளி,
பேரம் பேசாமல் வாங்கினாளாம்.

திங்கள் முதல் சனி வரை
செம்பனைக்குள் மருந்தடிக்கிறவள்.
முட்டிவரை பூட்ஸ், ரப்பர் கையுறை,
நெஞ்சுக்கு பிளாஸ்டிக் ஏப்ரன், மூக்குக்கு மாஸ்க்,
தலைக்குத் தொப்பி, தொப்பிக்கு மேல் துண்டு,
முதுகில் பதினெட்டு லிட்டர்.
கண் மட்டும் தெரியும், அதிலும் வேர்வை.
இந்த ஊரில் அவளைப்போல் மூடி நடக்கிற பெண்ணை
நான் பார்த்ததில்லை.

நீட்டினேன். சாம்பல் நிறத் துப்பட்டா.
மறுக்காமல் போர்த்திக்கொண்டாள்.
"ஆறு நாளும் மூடித்தானக்கா இருக்கேன்,
ஏழாம் நாளு தோலுக்கு லீவு இல்லையா?"
சண்டைக்குக் கேட்கவில்லை.
ஸ்டோர் சாவி கேட்கிற மாதிரி கேட்டாள்.

பிரசங்கம் காதில் ஏறவில்லை.
தலைக்குமேல் காற்றாடி டொக் டொக்.
முன் வரிசையில் பொருளாளர் மனைவி கிளாடிஸ்.
பெர்சிஸின் மூன்று மாதச் சம்பளம் பட்டாகி,
அதற்குமேல் நெஞ்சை மறைக்கும் ஆரம்.
கழுத்திலிருந்து குதிகால் வரை
ஒரு விரல் தோல் தெரியாது.
பதினோரு வருஷத்தில் ஒரு தரமாவது
அந்தப் பக்கம் என் கூடை நகர்ந்ததில்லை.

வீட்டுக்கு வந்து
கருவாட்டுக் குழம்பை அடுப்பில் ஏற்றிவிட்டு
வேதத்தைத் திறந்தேன்.
வாலிபப் பெண்களுக்கு நானே
மனப்பாடம் பண்ணவைத்த வசனம்.
தோளைத் தேடினேன், இல்லை.
முட்டியையும் தேடினேன்.
பொன் இருந்தது. முத்து இருந்தது.
விலை கூடிய துணி இருந்தது.
நாணமும் இருந்தது,
அது மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு.
குழம்பு அடிபிடித்துவிட்டது.

அடக்கம் வேண்டாமென்று சொல்ல வரவில்லை.
இன்றைக்கும் முழங்கைவரை வைத்துத்தான்
ரவிக்கை தைக்கக் கொடுக்கிறேன்.
கர்த்தர் முன்னால் நிற்க எனக்கு
அப்படித்தான் வரும்.

அடுத்த ஞாயிறு துப்பட்டா திரும்பி வந்தது.
துவைத்து, மடித்து,
ரொம்ப நாளாய்ப் பிரிந்து தொங்கிய ஓரத்தை
கைத்தையலால் அடைத்து.
அவள் மேலே அதே பச்சைச் சட்டை.
நான் கையை நீட்டினேன், வெறுங்கையை.
"ஸ்தோத்திரம்க்கா."
பற்றிய கையில், கையுறை முடிகிற இடத்தில்
மருந்து பட்டு வெந்த ஒரு வட்டம்,
இரண்டு பவுன் வளையல் அகலத்துக்கு.

அவளுக்குப் பின்னால் கிளாடிஸ்
சரசரத்துக்கொண்டு படியேறினாள்.
என் கை கூடைக்குள் போனது உண்மை.
எடுத்தேனா என்று கேட்காதீர்கள்.