ஓரங்குலம்

சமயநல்லூர் தாண்டி ரயில்வே கேட்டை ஒட்டிய கோயில்.
தெற்கு ஜன்னலில் செபஸ்தியார்
வயிறு தள்ளி நிற்கிறார்.
தைத்த அம்பு ஐந்தும் வயிற்றோடு சேர்ந்து
முன்னுக்கு வந்திருக்கின்றன.

"சாமிக்குத் தொந்தி விழுந்திருச்சும்மா"
என்றார் பொருளாளர் இன்னாசிமுத்து.

விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன்.
கட்டு இறுகியிருந்தால் கண்ணாடி சுருக்கமாகப் பேசும்.
இது ஆடும் பல்லைப் போல
லொடலொடத்தது.

பந்து படக் கூடாதென்று
பதினோரு வருஷத்துக்கு முன்னே
வெளிப்பக்கம் பிளாஸ்டிக் தகடு பொருத்தி
நாலு ஓரமும் சிலிக்கன் பூசி அடைத்திருக்கிறார்கள்.
நல்ல எண்ணம்தான்.
பந்து படவில்லை.
பதினோரு சித்திரை வெயில்
உள்ளே மாட்டிக்கொண்டது.

சிலிக்கனைக் கீறி
தெர்மாமீட்டரை நூலில் கட்டி இடுக்கில் இறக்கினேன்.
பகல் இரண்டு மணிக்கு அறுபத்தெட்டு.
ஈயம் அதில் உருகாது.
பகலில் விரியும், ராத்திரியில் சுருங்கும்,
விரியும், சுருங்கும்,
ஒருநாள்
பழைய இடத்துக்குத் திரும்ப மறந்துவிடும்.

கழற்றினோம். ஆறு பலகை.
தாளை மேலே விரித்து
பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்து
ஈயக்கோடு அத்தனையும் படியெடுத்தேன்.
சிக்கந்தர் எண் சொல்லச் சொல்ல
துண்டுக்கொரு சீட்டு.
இருநூற்றுப் பதினாலு.

நூற்றுமுப்பத்தேழில் அவன் நிறுத்தினான்.
"பெர்னதெத்க்கா, இதைப் பாருங்க."
சாமியைக் கட்டிய மரத்தில் ஓர் இலை
மற்ற இலைகளின் ஜாதியில்லை.
லேசாக வளைந்து, நடுவே ஒரு காற்றுக்குமிழ்.
கோலி சோடா பாட்டில்.
எனக்கு முன்னே இங்கே ஏறியவன் எவனோ
பச்சை கிடைக்காத ஒரு நாளில்
தாகத்தையும் தீர்த்து
வேலையையும் முடித்திருக்கிறான்.

"வெளிநாட்டுப் பச்சையே வாங்கிப் போடலாம்மா,
துபாய்க்காரர் ஒருத்தர் தர்றேன்னிருக்கார்."
நோட்டில் எழுதினேன்:
137. சோடா பாட்டில். விரிசல் இல்லை. அப்படியே இருக்கும்.

வளைந்த ஈயம் போய்ப் புது ஈயம்.
கணுக்கணுவாகப் பற்றவைப்பு.
சுண்ணாம்புத் தூளில் ஆளிவிதை எண்ணெய் விட்டுப் பிசைந்து
சந்து சந்தாக அழுத்தினோம்.
பேர்தான் மக்கு.
எந்தப் பக்கமிருந்து மழை வரும் என்று
அதற்குத் தெரியும்.

சோற்றுக்கு முன்னே சோப்பு,
தேங்காய் நார், மறுபடி சோப்பு.
வேலைச்சட்டை வீட்டு வாசல் ஏறாது.
ஆறு மாதத்துக்கொருமுறை
ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்க்கிறேன்.
போன தடவை ஒன்பது.
யார் யார் வீட்டு, எந்தெந்தக் கோயில் சாமியின் ஓரமோ
கொஞ்சம் எனக்குள்ளும் ஓடுகிறது.

கடைசியில் வெளிக்கண்ணாடி.
ஓரங்குலம் தள்ளி நிறுத்தி
கீழே ஒரு வாய், மேலே ஒரு வாய் விட்டேன்.

"காசு குடுத்து ஓட்டையா?
தூசி வரும். குளவி வரும்."
"பித்தளை வலை வச்சிருக்கேன்."
"அடைச்சாத்தானேம்மா பாதுகாப்பு?"

அறுபத்திரண்டு வயசு. சாரத்தில் ஏற்றினேன்.
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு
ஒவ்வொரு கணுவுக்கும் இயேசுவைக் கூப்பிட்டார்.
மேல் வாயில் உள்ளங்கையை வைக்கச் சொன்னேன்.
உள்ளே புழுங்கிய வெயில்
வலை வழியே அவர் கையை முட்டிக்கொண்டு
வெளியேறிக்கொண்டிருந்தது.
கையை எடுக்கவில்லை அவர்.

கேட் மணி அடித்தது. ரயில் போனது.
சாரம் நடுங்கியது, இன்னாசிமுத்து நடுங்கினார்.
ஜன்னலில்
ஒரு துண்டும் பேசவில்லை.

சாயங்காலம் பில்லை வரி வரியாகப் படித்தார்.
ஈயம், சரி. மக்கு, சரி. சாரம் வாடகை, சரி.
"இடைவெளி, ஓரங்குலம்" என்ற வரியில்
பேனா நின்றது.

ஒண்ணுமே இல்லாததுக்கு எழுநூறா என்று
இருநூறு குறைத்தார்.