ஐந்து மில்லிமீட்டர்

முதலில் காலணியைக் கழற்றச் சொல்வேன்.
சுவரோடு ஒட்டி நில்லுங்கள் என்பேன்.
பழைய ரயில்வே கால அட்டவணை ஒன்று,
எந்த ரயிலும் இப்போது மதிக்காதது,
கவட்டில் அதை இடுக்கிக்கொள்ள வேண்டும்.
புத்தகத்தின் முதுகு சுவரைத் தொடும் இடத்தில்
என் பென்சில் கோடு.

ஃபெராராவில் உயரம் கேட்டால் பொய்தான் வரும்.
ஆண்கள் மூன்று சென்டிமீட்டர் கூட்டுவார்கள்,
பாதிரியார் இரண்டு.
காலுக்குப் பொய் தெரியாது.
தரையிலிருந்து கோடு வரை அளந்து
மூன்றில் இரண்டு பங்கு, கொஞ்சம் குறைத்து:
அதுதான் ஃபிரேம்.
நிறமெல்லாம் அப்புறம்.

ஜாய்ரா அண்ணனின் அறுபதோடு வந்தாள்.
கம்பிக்கு மேல் நின்றால்
இரண்டு விரலாவது இடைவெளி வேண்டும்;
அவளுக்கு இடைவெளியே இல்லை, கண்ணீர்தான் இருந்தது.
வளர்ந்துவிடுவாய் என்றார்களாம் வீட்டில்.
செருப்புக்காகக் காலை வளர்க்கச் சொல்கிற வீடு.
அதைக் கூடைப்பந்து ஆடுகிற ஒருவனுக்கு விற்று
ஐம்பத்திரண்டு ஒன்று தேடிக் கொடுத்தேன்.
மூன்று வாரம் என்னோடு பேசவில்லை.
பச்சை பிடிக்காதாம்.

நோட்டரி குவால்தியேரோ வேறு மாதிரி.
எழுபத்து நான்கு வயது.
இருபத்து மூன்றில் வாங்கிய இரும்பு சைக்கிளைத்
தள்ளிக்கொண்டு வந்து
"நிவெஸ், நான் சுருங்கிவிட்டேன்,
சின்னதாக ஒன்று காட்டு" என்றார்.

அளந்தேன். எண்பத்தாறு.
மறுபடி அளந்தேன். எண்பத்தாறு.
கால் சுருங்குவதில்லை, சார்,
சுருங்கியது முதுகு.
எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தைகள்
வெயிலில் கிடந்த பிரேக் ரப்பர் மாதிரி
காய்ந்துபோகின்றன.
ஃபிரேம் சரி.
ஹேண்டில்பார்தான் பாதாளத்தில் கிடக்கிறது.

சீட்டுக்கு நான்கு விரல் கீழே அது.
சுண்டுவிரலும் அதன் பக்கத்து விரலும்
மரத்துப்போவதாக அவரே சொல்லியிருந்தார்.
ஆனாலும் கையை உயர்த்தித் தடுத்தார்:
"அதைத் தூக்கினால்
ரொட்டி வாங்கப் போகிற கிழவன் ஆகிவிடுவேன்."
ரொட்டி வாங்கத்தானே போகிறீர்கள்?
"அது வேறு."

ஏப்ரலில் பிரேக் கேபிள் மாற்ற வந்தார்.
மாற்றினேன்.
கூடவே தலைத் திருகைத் தளர்த்தி
ஐந்து மில்லிமீட்டர்.
மே மாதம் டயர். இன்னோர் ஐந்து.
ஜூனில் ஒன்றுமே இல்லை, காற்றடிக்கத்தான் வந்தார்.
ஐந்து.
செப்டம்பரில் செயின்.
பில்லில் எதையும் எழுதவில்லை.
திருட்டைக் கணக்கில் எழுதுவார்களா?

"இந்த வருடம் போ நதிக்கரையில்
எதிர்காற்று குறைவு, கவனித்தாயா?"
ஆமாம் சார், எல்லோரும் சொல்கிறார்கள்.

நவம்பர். மூடுபனி கடை வாசல்வரை வந்து
உள்ளே வரலாமா என்று நின்றது.
விளக்கு எரியவில்லை என்று
சைக்கிளைச் சாத்திவிட்டு
வெளியே போய்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
விளக்கின் பட்டையைக் கழற்றினேன்.
அதற்குப் பின்னால், ஹேண்டில்பார் தண்டில்,
பத்திரத்தில் கையெழுத்துக்குக் கீழே இழுப்பதுபோல
மெல்லிய பென்சில் கோடுகள்.
நான்கு.
ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் எண்:
4, 5, 6, 9.

கொஞ்ச நேரம் கையில் எண்ணெய்த் துணியோடு நின்றேன்.
துடைக்கவில்லை.

தண்டை முழுதாக வெளியே இழுத்தேன்.
இதற்கு மேல் உயர்த்தாதே என்று
தொழிற்சாலை செதுக்கிய கோடு ஒன்று அடியில் இருக்கும்.
ஒன்பதிலிருந்து அதுவரை
ஒன்றரை சென்டிமீட்டர்.
மூன்று தடவை.
அதற்கப்புறம் வேறு தண்டு தேட வேண்டும்,
அல்லது வேறு ஏதாவது.

கிரீஸ் பூசி உள்ளே இறக்கினேன்.

"நிவெஸ்," வெளியிலிருந்து குரல்,
ஆள் தெரியவில்லை, பனிதான் பேசியது.
"இன்றைக்குக் காற்று எப்படி?"

குறையும் சார், என்றேன்,
திருகுச் சாவியைத் தேடிக்கொண்டே.